அரைப்பேர் ஆட்டக்காரர்கள்

2017 ஏப்ரல் 8, சனிக்கிழமை இரவு. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் என் தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே இன்னும் குளிர் விடவில்லை. வரவேற்பறையில் என் மருமகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணம், வன்னி, மலையகம் என்று பெற்றோர் வந்த ஊர்கள் வேறு வேறு. பிள்ளைகளுக்கு அன்றிரவு ஊர் ஒன்றுதான்: ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்குப் பனிக்கட்டியில் சறுக்கி விளையாடும் விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்? பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு. ஆறடி அகலம், நாலடி உயரமுள்ள சிறிய கோல். அதன் முன்னால் மெத்தை கட்டிய மனிதனைப் போல் ஒருவர் குனிந்து நிற்கிறார். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அன்று வென்றால் ரொறன்ரோ அடுத்த சுற்றுக்குப் போகும் என்று மருமகன் சொன்னான். ஆட்டத்தின் நடுவில் அணியின் முதல் கோல்காப்பாளர் அடிபட்டு வெளியேறினார். அறையில் இருந்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வாங்கில் உட்கார்ந்திருந்த 33 வயது மனிதர் ஒருவர் முகமூடியை மாட்டிக்கொண்டு மெதுவாகச் சறுக்கி வந்து கோலின் முன்னால் நின்றார்.

"யார் இவர்?" என்று கேட்டேன்.

"இவர் சும்மா இருக்கிறவர் மாமா. எல்லா டீமிலும் இருந்திருக்கிறார்" என்றான் மருமகன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணியின் சிட்னி குரொஸ்பி அடித்த அடியை அந்தச் 'சும்மா இருக்கிறவர்' தடுத்தார். குரொஸ்பி யாரென்று தெரியாதவர்களுக்கு: அந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த ஹொக்கி வீரர்களில் ஒருவர். ரொறன்ரோ 5 - 3 என்று வென்றது. மறுநாள் காலையில் பிள்ளைகள் கோல் அடித்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கோல்காப்பாளரின் முகமூடி கண்ணிலிருந்து மறையவில்லை. அதற்குக் காரணம் ரொறன்ரோவில் இல்லை, பதுளையில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய பெயர் கேர்ட்டிஸ் மெக்கெல்ஹினி. ஒன்ராறியோவின் லண்டன் நகரத்தில் 1983இல் பிறந்தவர். 2002இல் புதிய வீரர்களைக் கழகங்கள் தெரிவு செய்தபோது 175 பேர் போன பிறகு 176ஆவது ஆளாகக் கல்கரி கழகம் அவரை எடுத்தது. அதன் பின்னர் ஓமாஹா, ஸ்பிரிங்ஃபீல்ட் போன்ற ஊர்களின் இரண்டாம் தரக் கழகங்களிலும், கல்கரி, அனஹைம், ஒட்டாவா, பீனிக்ஸ், கொலம்பஸ், ரொறன்ரோ, கரோலினா, தம்பா பே என்று எட்டு முதல்தரக் கழகங்களிலும் அவர் விளையாடினார். பெரும்பாலும் இரண்டாவது ஆளாக.

2011 பெப்ரவரியில் அனஹைம் கழகம் அவரைத் தம்பா பேக்கு மாற்றியது. அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னர், சில நாட்களுக்குள், ஒட்டாவா அவரை எடுத்துக்கொண்டது. அந்த லீக்கில் ஒரு விதி இருக்கிறது. ஒரு கழகம் 'எமக்கு வேண்டாம்' என்று ஒரு வீரரைப் பட்டியலில் போட்டால் 24 மணி நேரத்துக்குள் வேறெந்தக் கழகமும் அவரைக் கேட்டு எடுக்கலாம். வீரரின் சம்மதம் தேவையில்லை. 2017 ஜனவரியில் கொலம்பஸிலிருந்து ரொறன்ரோவுக்கும், 2018 ஒக்டோபரில் ரொறன்ரோவிலிருந்து கரோலினாவுக்கும் அவர் இப்படித்தான் போய்ச் சேர்ந்தார். நான் பார்த்த அந்த ஆட்டத்தின்போது அவர் ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர் காத்த வெற்றிக்கு ஒன்றரை வருடம் கழித்து அதே கழகம் அவரை வேண்டாம் என்றது.

இத்தகைய வீரரை ஆங்கிலத்தில் 'ஜேர்னிமேன்' என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் செய்வதால் வந்த பெயர் என்றே நானும் நினைத்திருந்தேன். அகராதியைப் புரட்டியபோது வேறு கதை கிடைத்தது. அது பயணத்தைக் குறிக்கும் சொல் அன்று. ஒரு நாள் வேலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. தொழிலைக் கற்று முடித்தவன், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவன், நாட்கணக்கில் கூலி பெறுகிறவன். அவனே ஜேர்னிமேன். அதாவது நாட்கூலி.

நாட்கூலி என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவனுக்கு எவரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பேச்சில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பிரட்டுக் களத்துக்குப் போய், மலையேறி, குறித்த அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். பல தோட்டங்களில் அந்த அளவு 18 கிலோ. மழை பெய்தாலும், வரட்சியில் கொழுந்து கருகினாலும், அளவு குறைந்தால் அரைப்பேர். "இன்னைக்கு அரைப்பேருதான்" என்று சொல்லிக்கொண்டு மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாயின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மனிதனின் பெயரும் அவனுடைய ஒருநாள் கூலியும் ஒரே சொல்லாக இருப்பதன் கொடுமையை நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் உணர்ந்தேன்.

இனி, பதுளைக் கதை.

என் இளமையில் எங்கள் தோட்ட அணிக்கு ஒரு கோல்காப்பாளர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பகலில் கவ்வாத்து வெட்டுவார். மாலையில் தொழிற்சாலைக்குக் கீழேயிருந்த சிறிய மட்டத்தில் பந்து பிடிப்பார். ஊவா மலைகளில் சமதரை கிடைப்பது அரிது. பந்து கோட்டைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு, அடுத்த மலையின் அடிவாரம் வரை போகும். அதை எடுத்துவர ஒரு சிறுவனை நிறுத்தியிருப்பார்கள். அந்தச் சிறுவர்களில் நானும் ஒருவன். கையுறை கிடையாது. மண்ணில் விழுந்து விழுந்து அவருடைய முழங்கை எப்போதும் காய்ந்த புண்ணாகவே இருக்கும்.

அவரும் ஒரு அணியோடு நின்றவர் அல்லர். பசறைப் பக்கத்தில் போட்டி என்றால் அங்கிருந்து ஆள் வந்து அழைப்பார்கள். அப்புத்தளை, பண்டாரவளை, மடுல்சீமை என்று எங்கே ஒரு அணிக்குக் காப்பாளர் இல்லையோ அங்கே போவார். பஸ் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுப்பார்கள். ஆனால் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. வீட்டில் நான்கு பிள்ளைகள்.

நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பற்றிச் செய்தி எழுதினேன். அவர் அன்று தண்ட உதைகள் இரண்டைத் தடுத்திருந்தார். கோல் அடித்த இருவரின் பெயர்களை எழுதினேன். கிண்ணம் வழங்கிய பிரமுகரின் பெயரைப் பட்டங்களோடு எழுதினேன். அவரைப் பற்றி, 'கோல்காப்பாளரும் சிறப்பாக ஆடினார்' என்று ஒரு வரி. அந்த நறுக்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பெருமையோடு காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "தம்பி, எம் பேரையும் போட்டிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருடம் அவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். அதன் பின் எங்கேயும் பந்து பிடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

முப்பது வருடத்துக்கு மேலான பத்திரிகை வாழ்க்கையில் எத்தனையோ பிழைகளுக்குத் திருத்தம் வெளியிட்டிருக்கிறோம். அந்த ஒரு பிழைக்கு நான் வெளியிடவில்லை.

இதைப் படிக்கும் நண்பர்கள் சிலர் உடனே முரளிதரனைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மலையகத்துப் பிள்ளைகளிடம் மேடைக்கு மேடை சொல்லப்படும் பெயர் அது. "முரளியைப் பார், நீயும் முயன்றால் முடியும்." முரளியின் மீது எனக்கு இருக்கும் மதிப்பு எவருக்கும் குறைந்ததன்று. 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் என்பது இனி எவரும் எட்டுவாரா என்று ஐயப்பட வைக்கும் சாதனை. அவருடைய பாட்டனாரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர்தான். ஆனால் முரளி வளர்ந்தது கண்டியில். தந்தைக்குச் சொந்தத் தொழில் இருந்தது. படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி என்ற நல்ல மைதானமும் பயிற்சியும் உள்ள பாடசாலையில். ஏணியின் நடுவில் நிற்க அவருக்கு ஒரு படி இருந்தது. அங்கிருந்து உச்சிக்கு ஏறியது அவருடைய மேதைமை.

லயத்து அறையில் இருந்து உச்சியைக் காட்டி, "ஏறு" என்று சொல்கிறோம். நடுவில் ஒரு படியும் போடவில்லை. இதுதான் என் குற்றச்சாட்டு.

மெக்கெல்ஹினியின் வாழ்க்கையை நான் வியப்பதற்கு அவருடைய திறமை மட்டும் காரணமன்று. அவரைப் போன்ற ஒருவர் பதினைந்து வருடங்களுக்கு மேல் அதே தொழிலில் உயிர் பிழைத்திருக்க முடிந்ததே, அதுதான் காரணம். தேசிய ஹொக்கி லீக்கில் 32 கழகங்கள். கழகத்துக்கு இரண்டு காப்பாளர்கள் என்றால் உலகம் முழுவதற்கும் 64 இடங்கள். அதற்குக் கீழே அமெரிக்க ஹொக்கி லீக். அதற்கும் கீழே இன்னொரு லீக். அந்தக் கீழ்ப்படிகளிலும் சம்பளம் உண்டு. அங்கே ஆடுகிறவர்களுக்கு 1967 முதல் தனியே ஒரு தொழிற்சங்கமே இருக்கிறது. தலைசிறந்தவர்களில் ஒருவராக இல்லாவிட்டாலும், நம்பகமான ஒருவராக இருந்தால் அந்தத் தொழிலால் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

அந்த வசதிகளும் முதலாளிகளின் கருணையால் வந்தவை அல்ல. 1957இல் வீரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்ற டெட் லின்ட்சே என்ற முன்னணி வீரரை அவருடைய கழகம் வேறு கழகத்துக்கு மாற்றிவிட்டது. பத்து வருடம் கழித்தே சங்கம் நிலைத்தது. இந்தக் கதை நமக்குப் புதியதன்று. 1940இல் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து தங்களுக்கென ஒரு சபையையே அமைத்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கடனோடு சேர்த்து ஆளை மாற்றும் 'துண்டு' முறை எங்கள் முன்னோருக்கு இருந்தது. 1921இல்தான் அது ஒழிந்தது. கேட்காமலே ஊர் மாற்றப்படும் ஹொக்கி வீரரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் துண்டுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒப்பீடு அதோடு நிற்க வேண்டும். தம்பா பே கழகம் 2019இல் மெக்கெல்ஹினிக்கு இரண்டு வருடத்துக்கு 26 இலட்சம் அமெரிக்க டொலர் சம்பளம் பேசியது. எங்கள் மக்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா என்ற கோரிக்கை வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் சம்பளச் சபையின் மூலம் நிறைவேறியது.

நம் நாட்டு உதைபந்தாட்டத்தைப் பாருங்கள். 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக் என்று பெரும் ஆரவாரத்துடன் சுப்பர் லீக் தொடங்கியது. பத்துக் கழகங்கள். அவற்றில் மூன்று முப்படைகளின் அணிகள். மலையகத்தின் பெயரைச் சொல்ல நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் இருந்தது. அது மத்திய மாகாணம். ஊவாவிலிருந்து ஒரு கழகமும் இல்லை. அந்த லீக்கும் வேரூன்றவில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் நாட்டையே இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. தேசிய அணியின் தலைவராக இருந்த கோல்காப்பாளர் சுஜான் பெரேராவே மாலைதீவுக் கழகங்களுக்குப் போய் ஆடினார் என்றால், பசறைத் தோட்டத்துப் பையன் எங்கே போவான்?

அயல்நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. இந்தியாவின் பீட்டர் தங்கராஜ். ஆசியாவின் தலைசிறந்த கோல்காப்பாளர்களில் ஒருவராக மதிக்கப்பட்ட தமிழர். 1956, 1960 ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இருந்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தவர். அவரை வளர்த்தது வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட். இராணுவத்தில் வேலையும் பந்தும் ஒன்றாகக் கிடைத்தன. பிறகு கல்கத்தாவின் பெரிய கழகங்கள் வந்தன. இராணுவம், ரயில்வே, உருக்காலை என்று இந்தியாவில் வேலை கொடுத்து ஆட வைக்கும் நிறுவனங்கள் ஏணியின் நடுப்படிகளாக நின்றன. இலங்கையில் அந்தப் படி பெரும்பாலும் படைகளில் இருக்கிறது. அங்கே மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. அதை மறைக்க மாட்டேன். கூரை ஒழுகுகிறது, கணித ஆசிரியர் இல்லை, 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. இந்த நிலையில் பந்துக்குச் சம்பளம் கேட்பதா? நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை முரளியை மேடையில் காட்டும்போது எவரும் கேட்பதில்லை. பிள்ளைகளுக்குக் கனவு மட்டும் இலவசமாகக் கொடுக்கிறோம். அந்தக் கனவுக்குப் பாதி வழியில் நின்றுவிடுகிறவனுக்கு என்ன கொடுக்கிறோம்? ஆயிரத்தில் ஒருவன் உச்சிக்குப் போவான். மீதி 999 பேரைப் பற்றியதுதான் கொள்கை.

பத்திரிகைக்காரர்களான எங்கள் பங்கும் இதில் உண்டு. 2020 பெப்ரவரி 22 அன்று ரொறன்ரோவில் இன்னொரு சம்பவம் நடந்தது. கரோலினாவின் இரு காப்பாளர்களும் ஒரே ஆட்டத்தில் காயமடைய, பனித்தளத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்த 42 வயது டேவிட் ஏயர்ஸ் அவசரத்துக்கு இறக்கப்பட்டார். முதலிரண்டு அடிகளும் கோலாகின. பிறகு வந்த எட்டையும் தடுத்தார். கரோலினா 6 - 3 என்று வென்றது. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின; நானும் மகிழ்ந்து படித்தேன். அதற்கு முந்திய வருடம், 2019 மே 1 அன்று, அதே கரோலினாவுக்காக மெக்கெல்ஹினி தம் வாழ்வில் முதன்முறையாக இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து ஆடினார். 35 வயது. அந்த வயதில் அப்படி அறிமுகமான காப்பாளர் அந்த லீக்கின் வரலாற்றில் வேறெவரும் இல்லை. 5 - 2 என்று வென்றார்கள். அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருநாள் அதிசயத்துக்கு முதற்பக்கம்; பதினைந்து வருட உழைப்புக்கு உள்பக்கம். என் தொழிலின் பழக்கம் இது. தண்ட உதையைத் தடுத்தவரின் பெயரை விட்டுவிட்ட அந்த இளம் நிருபரும் இந்தப் பழக்கத்தைத்தான் கற்றிருந்தான்.

சென்ற மாதம் எங்கள் பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். தொழிற்சாலைக்குக் கீழே அந்த மட்டம் இன்னும் இருக்கிறது. பதினாறு வயதுப் பையன் ஒருவன் கோலில் நின்றான். இம்முறை கையுறை இருந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. பையனின் தகப்பன் என்னைத் தனியே அழைத்தார். "அண்ணே, இவன் நல்லா புடிக்கிறான்னு எல்லாரும் சொல்றாங்க. இதால ஒரு பொழப்பு உண்டா? இல்ல, கொழும்புக்கு அனுப்பிறவா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "படிப்பை விடச் சொல்லாதீங்க" என்று எல்லாரும் சொல்வதையே சொல்லிவிட்டு வந்தேன். வழி நெடுக யோசித்தேன். கோடிக்கணக்கில் செலவாகும் அரங்கத்தை நான் கேட்கவில்லை. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்ட அணிகளுக்கு வருடம் முழுதும் நடக்கும் ஒரு லீக் வேண்டும். அதில் ஆடும் ஒவ்வொருவருக்கும், வென்றாலும் தோற்றாலும், ஆடினாலும் வாங்கில் இருந்தாலும், அன்றைக்கு ஒரு முழுப்பேர் போட வேண்டும். தோட்டக் கம்பனிகளும் மாகாண சபையும் மனம் வைத்தால் முடியாத காரியமன்று. புலம்பெயர்ந்த நண்பர்கள் கையுறை அனுப்புவதோடு நிற்காமல் இதையும் யோசிக்கலாம். முதற்படி அதுதான். அடுத்த படிகளை அதன் மேல் நின்று கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. 2020இலும் 2021இலும் தம்பா பே கழகம் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. இரண்டு முறையும் இறுதிச் சுற்று ஆட்டங்களில் மெக்கெல்ஹினி ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை. முதல் காப்பாளருக்கு ஏதும் நேர்ந்தால் இறங்க ஆயத்தமாக, ஒவ்வோர் ஆட்டத்திலும் காத்திருந்தார். வென்ற அணியினரின் பெயர்களை அந்த வெள்ளிக் கிண்ணத்தில் பொறிப்பது வழக்கம். அவருடைய பெயரும் இரண்டு முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. முழுப்பேர்.